எங்கள் பாகத்தில் 962 பேர்

புதுச்சேரியின் கிராமப்புறத் தொகுதி ஒன்றில் 2016, 2021 ஆகிய இரண்டு சட்டமன்றத் தேர்தல்களிலும் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருக்கிறேன். தொகுதியின் பெயரையும் நாங்கள் வேலை பார்த்த வேட்பாளரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் இதில் வரும் ஒவ்வொருவரும் யாரென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு சின்ன இடம்.

எங்கள் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது 30 பேரை. புதுச்சேரிப் பகுதியில் 23 தொகுதி, காரைக்காலில் 5, மாஹேயில் 1, ஏனாமில் 1. 2021-இல் மொத்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். வகுத்துப் பார்த்தால் தொகுதிக்கு 33,000 சொச்சம்தான் வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 234 தொகுதிகள், அதே வருடம் 6 கோடிக்கு மேல் வாக்காளர்கள். அங்கே ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். விழுப்புரம் பக்கம் இருக்கும் என் மச்சான் தன் எம்எல்ஏவை நேரில் பார்த்தது ஒரே தடவை, அதுவும் ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் ஊரில் எம்எல்ஏ வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கே பத்துப் பேர் நிற்பார்கள்.

அந்தப் பத்துப் பேர் எதற்காக நிற்கிறார்கள் என்று பார்த்தால் எங்கள் ஊர் அரசியல் புரிந்துவிடும். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, பையனுக்கு காலேஜில் சீட் வேண்டும். இதில் பாதி கவுன்சிலரிடமோ பஞ்சாயத்துத் தலைவரிடமோ போக வேண்டியவை. எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் 38 வருடம் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆகவே சாக்கடைக்கும் எம்எல்ஏதான், சட்டத்துக்கும் எம்எல்ஏதான். எங்கள் மக்கள் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும்போது உள்ளாட்சித் தேர்தலுக்கும் சேர்த்தே போடுகிறார்கள். ஊருக்கு வெளியிலிருந்து பிரசாரத்துக்கு வருகிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் டெல்லி அரசியலைப் பேசிவிட்டுப் போவார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் மனதில் ஓடுவது தன் வீட்டு முனைத் தண்ணீர்க் குழாய்.

2016-இல் நாங்களும் அந்தத் தவறைத்தான் செய்தோம். சுயேச்சை வேட்பாளர், கையில் காசு குறைவு. இருந்ததில் பெரும்பகுதியை மைக் செட், ஆட்டோ, கொடி, துண்டறிக்கை என்று செலவழித்தோம். தெருத்தெருவாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனோம். எங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியலை நான் முழுதாகப் படித்தது வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் இரவில்தான்.

மே 16 வாக்குப்பதிவு, 19 எண்ணிக்கை. தொகுதியில் தோற்றோம், எங்கள் பாகத்தில் மட்டும் 19 ஓட்டு பின்தங்கியிருந்தோம். பாகம் என்றால் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று நான் பேனாவால் குறித்திருந்தேன். எங்களுக்குப் போட்டிருக்கக் கூடியவர்கள், ஏதோ காரணத்தால் வராமல் போனவர்கள் என்று என் கணக்கில் 26 பேர் தேறினார்கள். சென்னையில் வேலை பார்க்கும் இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு யாரும் போன் செய்து வரச் சொல்லவில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன ஒரு பெண். காலில் அடிபட்டுப் படுத்திருந்த ஒரு பெரியவர். வீடு மாறியதாகச் சொல்லிப் பெயர் நீக்கப்பட்டிருந்த நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். அவர்கள் மாறியது அடுத்த தெருவுக்குத்தான். 19 ஓட்டுக்கு 26 பேர். ஒவ்வொருவரின் முகமும் எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது எனக்கு கீழூர் நினைவுக்கு வந்தது. வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் அந்தக் கிராமத்தில் 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தப் பகுதிகள் இந்தியாவோடு சேர வேண்டுமா என்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். மொத்தம் 178 பேர். 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த எண்கள்தான். எங்கள் ஊரின் தலைவிதியை முடிவு செய்தவர்கள் ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் அளவு ஆட்கள் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

2021-க்கு நாங்கள் மைக் செட்டைக் குறைத்துக்கொண்டு பட்டியலோடு உட்கார்ந்தோம். எங்கள் பாகத்தில் 962 பேர். ஒரு நீள நோட்டு வாங்கி, வீட்டு எண் வாரியாக எழுதினேன். நான், என் அக்கா, பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், மூன்று பேரும் ஒன்றரை மாதம் மாலை வேளைகளில் வீடுவீடாகப் போனோம். பெயர் சரியாக இருக்கிறதா, படம் அவருடையதுதானா, செத்துப்போனவர் பெயர் இன்னும் இருக்கிறதா, பதினெட்டு முடிந்த பிள்ளை பெயர் ஏறியிருக்கிறதா, வெளியூரில் இருப்பவர் போன் நம்பர் என்ன, இவ்வளவுதான் கேட்டோம். முதல் வாரம் ஓட்டே கேட்கவில்லை. இதை யார் செய்யப் போனாலும் நான் சொல்வது இதுதான்: முதல் தடவை ஓட்டுக் கேட்காதீர்கள். பட்டியல் வேலைக்கு வந்தவர் என்று தெரிந்தால் எதிர் அணி வீட்டிலும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசுவார்கள். புதிதாகச் சேர்க்க 6-ஆம் எண் படிவம், நீக்க 7, திருத்த 8. மூன்றிலும் சில பிரதிகளைக் கையிலேயே வைத்திருந்தோம். வேட்புமனு கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே பெயர் சேர்க்கும் வேலையை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் அந்தத் தேர்தலுக்கு உதவாது என்றார் எங்கள் பிஎல்ஓ அம்மா, அதாவது எங்கள் வாக்குச்சாவடியின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர். அவரும் எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர்தான். அவரை எதிராளியாகப் பார்க்காமல் போய் உட்கார்ந்து பேசியதில் பாதி வேலை முடிந்தது.

எங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரும். ஒரு தெரு எங்களுடையது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். பெண் கொடுத்து எடுப்பதெல்லாம் இரண்டு பக்கமும்தான். அதனால் சிலருக்கு அங்கேயும் பெயர் இருக்கும், இங்கேயும் இருக்கும். 2016-லும் 2021-லும் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. இரண்டு பட்டியலில் பெயர் இருப்பதே சட்டப்படி தப்பு என்று எடுத்துச் சொல்லி, ஒரு பக்கத்துப் பெயரை நீக்க 7-ஆம் எண் படிவம் எழுதிக் கொடுத்தோம். அதில் மூன்று பேர் எங்களுக்கு ஓட்டுப் போடக் கூடியவர்கள். தமிழ்நாட்டுப் பக்கமே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். மனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தோம்.

வாக்குப்பதிவு நாளில் நான் செய்த பெரிய தவறு 2016-இல் நடந்தது. ஓர் அக்கா ஓட்டுப் போட வந்தார். பட்டியலில் இருந்த படம் அவர் மாதிரியே இல்லை, அப்பா பெயரிலும் எழுத்துப் பிழை. பக்கத்திலிருந்த இன்னொரு ஏஜென்ட் என் காதில், "தம்பி, இது வேற ஆளு, சாலஞ்ச் பண்ணு" என்றார். வாக்காளரின் அடையாளத்தை ஏஜென்ட் எதிர்க்க வேண்டுமானால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். கட்டினேன். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் விசாரித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அக்கா தன் அடையாள அட்டையையும் ரேஷன் அட்டையையும் எடுத்துக் காட்டினார். அவரேதான். நான்கு தெரு தள்ளிக் குடியிருப்பவர், எனக்குத்தான் தெரியவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்து, "என் ஊர்லயே என்ன யாருன்னு கேட்டுட்டியேப்பா" என்றார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதன்பின் வருடக்கணக்கில் அவர் என்னோடு பேசவில்லை.

எழுத்துப் பிழைக்கும் பழைய படத்துக்கும் ஒருவரை எதிர்க்கக் கூடாது. தலைமை அலுவலரின் கையேடும் இதைத்தான் சொல்கிறது. சில்லறைப் பிழைகளைப் பார்க்காமல் ஆள் அவர்தானா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. அந்தப் பாகத்து மனிதர்களை முகம் தெரிந்த ஒருவரை ஏஜென்டாக உட்கார வைத்தாலே இந்த மாதிரி அவமானங்கள் நடக்காது. ஆள்மாறாட்டம் நிஜமாகவே நடந்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது. தன் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால் திரும்பிப் போகக் கூடாது. தான் யாரென்று நிரூபித்து, டெண்டர் ஓட்டு கேட்க வேண்டும். மெஷினில் இல்லை, சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. வழக்கு என்று போனால் நீதிமன்றம் எடுத்துப் பார்க்கும். சில ஓட்டில் முடியும் தொகுதியில் அதுவே வழக்கின் உயிராக இருக்கும். மிசோரமும் எங்களைப் போலச் சின்னது, 40 தொகுதி. 2018-இல் அங்கே துய்வால் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3 ஓட்டு.

ஏஜென்டாக உட்காரப் போகிறவர் அதிகாலையிலேயே போய்விட வேண்டும். 2021 ஏப்ரல் 6 அன்று ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். எந்த வேட்பாளருக்கு எத்தனை போட்டோம் என்று குறித்துக்கொண்டு, மெஷின் காட்டும் முடிவோடும், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சிடும் விவிபேட் கருவியின் சீட்டோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, அந்த ஓட்டுகளை மெஷினிலிருந்து அழித்தார்களா, விவிபேட் பெட்டி காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. மொத்தம் பூஜ்யம் என்று மெஷின் காட்டும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் சாவடியில் அன்று அழிக்க மறந்துவிட்டு முத்திரை வைக்கப் போனார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முதல் நாள் இரவு முழுக்கத் தூங்காதவர்கள், கொரோனா பயம் வேறு, வாக்காளருக்குக் கொடுக்கக் கையுறைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "சார், க்ளியர் பண்ணலியே" என்றேன். உடனே செய்தார்கள்.

நாள் முழுக்க உள்ளே உட்கார வேண்டியிருப்பதால் மாற்று ஏஜென்ட் இருக்கிறாரா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேட்பாளருக்கு ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். மாற்றுக்கு இரண்டு பேர் வரை போடலாம். போன் கொண்டுபோகக் கூடாது, குறித்து வைத்த பட்டியலையும் வாக்குப்பதிவு முடியும் வரை வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள்.

மாலையில் எல்லோரும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில்தான் 17சி படிவம் வரும். அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது, மெஷின் எண் என்ன, மெஷினில் வைத்த காகித முத்திரையின் எண் என்ன என்று தலைமை அலுவலர் எழுதிக் கையெழுத்திட்டு ஏஜென்ட்டுகளுக்குப் பிரதி தருவது அது. 2016-இல் பசியும் தலைவலியுமாக அதை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து எண்ணும் மையத்தில் எங்கள் சாவடி மெஷின் மேஜைக்கு வந்தபோது ஒப்பிட்டுப் பார்க்க என் கையில் ஒன்றுமே இல்லை. அதிகாரி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் நம்பிக்கொண்டிருப்பதற்காகவா என்னை அங்கே அனுப்பினார்கள்? 2021-இல் 803 என்று எழுதிய 17சி பிரதியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மேஜையில் மெஷினும் 803 காட்டியபோது வந்த நிம்மதி, நாங்கள் அந்தத் தேர்தலிலும் தோற்ற பிறகுகூட மறையவில்லை.

எங்கள் ஊரில் எண்ணிக்கை சீக்கிரம் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் இருபது ரவுண்டுக்கு மேல் போகிற தொகுதிகள் உண்டு. எங்களுக்கு வாக்குச்சாவடிகளே குறைவு என்பதால் சில ரவுண்டுகளில் கதை முடியும். ஆகவே ஒரு ரவுண்டில் அசந்தாலும் பிடிக்க முடியாது. மறு எண்ணிக்கை கேட்பதாக இருந்தால், மொத்த ஓட்டைப் படித்த உடனே, முடிவை அறிவித்துக் கையெழுத்துப் போடும் முன்பே, காரணம் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் வேட்பாளரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போனால் பதற்றத்தில் தாள் தேட வேண்டியிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் கற்றுக்கொண்டால் வந்துவிடும். இனி சொல்வதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. ஓட்டு ரகசியம் என்கிறோம். ஆனால் எண்ணிக்கை சாவடி வாரியாக நடக்கிறது, எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்ற பட்டியல் பிறகு வெளிவருகிறது. எங்கள் சாவடி என்பது நான்கு தெரு. ஜெயித்தவருக்கு எந்தத் தெரு தனக்குப் போடவில்லை என்று தெரிந்துவிடும். 2016-க்குப் பிறகு எங்கள் பக்கத்துத் தெருவில் பாதியில் நின்ற தார்ச்சாலை இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்தது. காரணம் இதுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தெருக்காரர்கள் அப்படித்தான் நம்பினார்கள், அந்த நம்பிக்கையே அடுத்த தேர்தலில் அவர்களைப் பயமுறுத்தப் போதுமாக இருந்தது. 2021-இல் ஓர் ஆயா என்னிடம் சொன்னார்: "உனக்குப் போடணும்னுதான் இருக்கு தம்பி. தெருவுக்கு ரோடு வேணாமா?" பல சாவடி ஓட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைக் கொண்டுவர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இலேயே பரிந்துரைத்தது. இரண்டரை லட்சம் பேர் இருக்கும் தொகுதியைவிட எங்களைப் போன்ற சின்னத் தொகுதிக்கு அது அதிகம் தேவை என்று நினைக்கிறேன். அந்த ஆயாவுக்கு நான் கொடுத்த பதில், "உங்க மனசுக்குச் சரின்னு படுறதச் செய்யுங்க" என்பதுதான். வேறு எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டமன்றத்துக்குள்ளும் இதே சின்னக் கணக்குதான். 30 பேரைத் தவிர மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதி செய்தது. 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்து, ஆளும் தரப்பு 12-ஆகச் சுருங்கியது, எதிர்த்தரப்பு 14. அந்த 14-இல் 3 பேர் நியமன உறுப்பினர்கள். 22-ஆம் தேதி நாராயணசாமி அரசு கவிழ்ந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் பட்டியல் நோட்டோடு ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "நாங்க போட்டு அனுப்பினது முப்பது பேரத்தானே, மூணு பேரு எங்கேர்ந்து வந்தாங்க?" தொகுதிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க 33,000 பேர் வெயிலில் நிற்கும் ஊரில், ஒரே உத்தரவில் மூன்று பேர் வருவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

2021-இல் எங்கள் பாகத்தில் நாங்கள் முன்னிலை. தொகுதியில் தோல்வி. மற்றப் பாகங்களில் எங்களைப் போல நோட்டோடு உட்கார ஆள் கிடைக்கவில்லை. வேட்பாளர் இப்போது தேர்தலை விட்டு ஒதுங்கிவிட்டார். நோட்டை மட்டும் நான் விடவில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடுவீடாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்தபோது, இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றவர் பெயரோ எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியாமல் நிறையப் பேர் தவித்தார்கள். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது நாள் அந்த அக்கா வந்தார். 2016-இல் நான் இரண்டு ரூபாய் கட்டி எதிர்த்தேனே, அவர். படிவத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பழைய பட்டியலில் அவர் அப்பாவின் பெயரைத் தேடி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அங்கேயும் அதே எழுத்துப் பிழைதான். சரியான பெயரைக் கேட்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். படம் ஒட்டும் கட்டத்துக்கு, "புதுசா எடுத்த போட்டோ இருக்கா அக்கா?" என்று கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த இரண்டு போட்டோவை எடுத்து நீட்டினார். "மகளுக்கும் பதினெட்டு ஆயிடுச்சு, அவளுக்கு எந்த பாரம்பா?" என்றார். உள்ளே போய் 6-ஆம் எண் படிவம் ஒன்று எடுத்து வந்தேன்.